அளவும் தெளிவும்: குருதிச் சர்க்கரையின் தொடர் கண்காணிப்பு

நுழையும்முன்

அளந்து அறிதல் அறிவியலின் முதற்படி. அளந்து பெற்ற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அறிதல் அதன் அடுத்த படி. நீரிழிவுடன் வாழ்வோர் நாள்தோறும் இவ்விரு படிகளையும் ஏறவேண்டியுள்ளது. தோலின்மேல் ஒட்டப்படும் சிறுகருவி ஒன்று, இன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையின் அளவைத் தெரிவிக்கிறது. அஃது எதை அளக்கிறது, எங்கே பிழைபடுகிறது, மருத்துவத்தில் எவ்வாறு பயன்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வறையில் ஒரு வினா

முதல் வகை நீரிழிவு உடைய மாணவி ஒருவர் அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். அவருடைய மேற்கையில் நாணய அளவிலான உணரி ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. அதன் அளவைக் காட்டும் கருவி, தலைமையாசிரியரின் இசைவுடன் அறைக் கண்காணிப்பாளரின் மேசைமீது இருக்கிறது. திடீரென அக்கருவி ஒலிக்கிறது. திரையில் 68 என்னும் எண்ணும் கீழ்நோக்கிய அம்புக்குறியும் தோன்றுகின்றன. மாணவிக்கோ வியர்வை இல்லை, நடுக்கமும் இல்லை. அவர் உடனே சர்க்கரை உண்ண வேண்டுமா? அறிகுறி தோன்றும்வரை பொறுத்திருக்கலாமா? கருவியே பிழையாகக் காட்டுகிறதா? இவ்வினாக்களுக்கு விடைகாண, அந்த 68 என்னும் எண் எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஏன் அளக்க வேண்டும்?

உடலின் உயிரணுக்களுக்கு எரிபொருளாக அமைவது குளுக்கோஸ். கணையம் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள குளுக்கோசை உயிரணுக்களுக்குள் செலுத்த உதவுகிறது. முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடுகிறது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்கு உரியவாறு இணங்குவதில்லை. காலப்போக்கில் சுரப்பும் குறைகிறது.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு பிரடெரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் தொடங்கிய ஆய்வின் பயனாக இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டு சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. அதுவரை சாவைத் தவிர வேறு முடிவு அறியாதிருந்த நோய், வாழ்ந்து கடக்கக்கூடிய நோயாயிற்று. ஆயினும் இன்சுலின் இருபுறமும் கூர்மையுடைய மருந்து. குறைந்தால் சர்க்கரை மிகுந்து கண், சிறுநீரகம், நரம்பு ஆகியன நாளடைவில் சிதையும். மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து, சில நிமிடங்களில் மயக்கமும் வலிப்பும் நேரக்கூடும். எவ்வளவு செலுத்துவது என்னும் முடிவு, இப்போது எவ்வளவு சர்க்கரை உள்ளது என்னும் அளவைச் சார்ந்தே நிற்கிறது.

இவ்வினா சிலருக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக அவ்வாய்வு மதிப்பிட்டது.

தெரிந்து தெளிவோம்

'நீரிழிவு' என்னும் சொல் நீர், இழிவு என்னும் இரு சொற்களால் ஆனது. இங்கு 'இழிதல்' என்பதற்குக் கீழ்நோக்கி ஒழுகுதல் என்பது பொருள். இந்நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'டயாபடீஸ்' என்பதும் ஊடே ஒழுகிச் செல்லுதல் என்னும் பொருளையே தருகிறது. 'மதுமேகம்' என்பதிலுள்ள மது தேனைக் குறிக்கும். டயாபடீசோடு சேர்த்து வழங்கும் 'மெல்லிடஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் தேனின் இனிமையையே குறிக்கும். சிறுநீர் மிகுதலையும் அதன் இனிமையையும் கண்டே வெவ்வேறு நாட்டு மருத்துவர்கள் இந்நோய்க்குப் பெயரிட்டனர்.

சிறுநீரிலிருந்து விரல்நுனிக்கு

நம் பள்ளி ஆய்வகங்களில் பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கிச் சர்க்கரையைக் கண்டறிகிறோம். நீலநிறக் கரைசல் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என மாறுவதைக் கொண்டு சர்க்கரையின் மிகுதி அறியப்படுகிறது. நெடுங்காலம் நீரிழிவாளர் தம் வீட்டில் செய்த ஆய்வும் இதுவே. ஆனால், குருதியில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே அது சிறுநீரில் வெளிப்படும். சிறுநீரோ பல மணிநேரமாகச் சேர்ந்திருப்பது. எனவே, இவ்வாய்வு கடந்துபோன மிகுதியைச் சொல்லுமேயன்றி, உயிருக்கு ஊறு செய்யும் தாழ்நிலையை ஒருபோதும் சொல்லாது.

1962ஆம் ஆண்டு லேலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்க அறிவியலாளர், நொதியையும் மின்முனையையும் இணைத்துக் குளுக்கோசை அளக்கும் வழியைத் தம் துணை ஆய்வாளருடன் முன்மொழிந்தார். பின்னர் வந்த குளுக்கோமீட்டர், விரல்நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியைக் கொண்டு நொடிப்பொழுதில் அளவைத் தந்தது. மருத்துவமனையில் செய்யப்படும் எச்பிஏ1சி சோதனை, ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரி நிலையை உணர்த்தியது.

இவ்விரண்டும் இன்றியமையாதவை, எனினும் இரண்டுக்கும் எல்லை உண்டு. விரல்நுனிச் சோதனை ஒரு கணத்தின் நிழற்படம். காலை உணவுக்கு முன் 110, இரவு உறங்கும்முன் 130 என்று காட்டினால், நள்ளிரவு இரண்டு மணிக்கு 50 ஆக இருந்ததை யாரும் அறியார். எச்பிஏ1சி ஒரு சராசரி. அது 7 விழுக்காடு எனில், சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 154 என்று கொள்ளலாம். நாள் முழுதும் 154ஐ ஒட்டியே இருப்பவரும், 50க்கும் 300க்கும் இடையே ஊசலாடுபவரும் ஒரே சராசரியைப் பெறக்கூடும். மேலும், இரும்புச்சத்துக் குறைபாடும் சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோய்களும் எச்பிஏ1சி முடிவைத் திரித்துவிடும். இக்குறைகளை நிரப்ப எழுந்ததே தொடர் கண்காணிப்பு.

உணரி இயங்கும் முறை

தொடர் கண்காணிப்புக் கருவி மூன்று உறுப்புகளைக் கொண்டது. தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழம் செல்லும் மெல்லிய இழை முதலாவது. அதனோடு இணைந்து தோலின்மேல் அமர்ந்து, செய்தியை அனுப்பும் பகுதி இரண்டாவது. அதனைப் பெற்று எண்ணாகவும் வரைபடமாகவும் காட்டும் திறன்பேசி அல்லது தனிக்கருவி மூன்றாவது.

பெரும்பாலான உணரிகளின் இழைமீது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி பூசப்பட்டுள்ளது. குளுக்கோஸ் இந்நொதியால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வேதிவினை நிகழ்கிறது. அதன் விளைவாக மின்முனையில் மிக நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். குளுக்கோஸ் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். கருவியிலுள்ள கணக்கீட்டு முறை அம்மின்னோட்டத்தைச் சர்க்கரை அளவாக மாற்றுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கருவி ஒரு நாளில் 288 அளவுகளைத் தரும். பல உணரிகள் பத்து முதல் பதினைந்து நாள்வரை உழைக்கும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய கருவிக்கு 1999ஆம் ஆண்டு முதன்முதலில் ஒப்புதல் தந்தது. மூன்று நாள் அளவுகளை அக்கருவி சேமித்து வைத்தது. பின்னர் மருத்துவர் மட்டுமே அவற்றைக் கணினியில் இறக்கிப் பார்க்க இயன்றது. அணிந்திருப்பவரே உடனுக்குடன் பார்க்கும் வசதி அதன் பின்னரே வந்தது.

காண்டலும் கருதலும்

இங்கு நாம் உற்றுநோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. உணரி குருதியைத் தொடுவதே இல்லை. உயிரணுக்களுக்கு இடையே நிறைந்துள்ள திசு இடைத்திரவத்திலுள்ள குளுக்கோசையே அது அளக்கிறது. குருதியிலுள்ள குளுக்கோஸ் தந்துகிகளின் சுவர் வழியே கசிந்து இத்திரவத்தை அடைய ஏறத்தாழ 5 முதல் 10 நிமிடம் ஆகும்.

அறிவைப் பெறும் வாயில்களை நம் முன்னோர் 'அளவை' என்னும் சொல்லாலேயே குறித்தனர். மணிமேகலையின் 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை' அளவைகளை விரித்துரைக்கிறது. நேரில் கண்டு அறிவது காண்டல் அளவை. புகையைக் கண்டு நெருப்புண்டு எனத் தெளிவது கருதல் அளவை. குருதித் துளியையே கொண்டு அறியும் விரல்நுனிச் சோதனையைக் காண்டலுக்கு நெருங்கியது எனலாம். திசுத்திரவத்தைக் கொண்டு குருதியின் நிலையை உய்த்துணரும் உணரியின் எண்ணோ கருதல் அளவையைச் சார்ந்தது. கருதல் பொய்யன்று, ஆனால், அது பொருந்தும் சூழலையும் பொருந்தாச் சூழலையும் அறிந்தே அதனைக் கைக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நிலையாக இருக்கும்போது குருதிக்கும் திசுத்திரவத்துக்கும் வேறுபாடு சிறிதே. விரைந்து ஏறும்போதும் இறங்கும்போதும் வேறுபாடு பெருகும். நிமிடத்துக்கு 2 மில்லிகிராம் வீதம் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கையில் உணரி 100 எனக் காட்டுகிறது என்று கொள்வோம். காலத்தாழ்வு 8 நிமிடம் எனில், குருதியின் உண்மை அளவு அப்போதே ஏறத்தாழ 84 ஆகியிருக்கும். ஆதலால்தான் கருவி எண்ணோடு அம்புக்குறியையும் காட்டுகிறது. நிலையாக நிற்கும் 100 வேறு. கீழ்நோக்கி விரையும் 100 வேறு.

துல்லியத்தை அளத்தல்

அளவியின் துல்லியத்தை எவ்வாறு அளப்பது? உணரி காட்டும் எண்ணையும், அதே வேளையில் எடுத்த குருதியின் ஆய்வக அளவையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை விழுக்காடாகக் கணக்கிடுவர். கூடுதலா குறைவா என்று பாராமல் எல்லா வேறுபாடுகளின் சராசரியையும் காண்பர். இதனை மருத்துவ உலகில் 'மார்ட்' எனச் சுருக்கமாக அழைப்பர். இவ்வெண் சிறிதாக இருப்பின் துல்லியம் மிகுதி என்பது பொருள். தொடக்ககாலக் கருவிகளில் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த இவ்வெண், இன்றைய முன்னணிக் கருவிகளில் 8, 9 விழுக்காடு என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. இம்முன்னேற்றத்தின் பயனாக, 2016ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், விரல்நுனிச் சோதனையால் உறுதிசெய்யாமலே உணரியின் அளவைக் கொண்டு இன்சுலினை முடிவுசெய்ய ஒரு கருவிக்கு முதன்முதலாக இசைவளித்தது.

எனினும், சராசரி என்பது தன்னுள் பலவற்றை மறைத்து வைக்கும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குருதியின் உண்மை அளவுகள் 100, 200, 150, 60 என இருக்க, உணரி முறையே 110, 190, 150, 75 எனக் காட்டுகிறது. வேறுபாடுகள் 10, 5, 0, 25 விழுக்காடுகள். சராசரி 10 விழுக்காடு. கேட்பதற்கு நல்ல துல்லியமே. ஆனால், நான்காம் அளவை நோக்குக. உண்மையில் தாழ்நிலையான 60ஐ அடைந்துவிட்ட ஒருவருக்கு, 'நீர் நலமாயிருக்கிறீர்' என்று கருவி சொல்லிவிட்டது. அந்த ஒரு பிழையே உயிர்க்கு ஊறாகக்கூடும்.

இதனால், பிழையின் அளவோடு பிழையின் விளைவையும் எடைபோடும் முறை தேவைப்பட்டது. 1987ஆம் ஆண்டு வில்லியம் கிளார்க்கும் அவர்தம் குழுவினரும் ஒரு வரைபட முறையை வெளியிட்டனர். அதில் உண்மை அளவையும் கருவியின் அளவையும் இரு அச்சுகளில் குறித்து, தளத்தை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தனர். முதல் மண்டலத்தில் விழும் அளவு சரியான மருத்துவத்துக்கு வழிகாட்டும். இரண்டாவதில் பிழை இருப்பினும் தீங்கு இராது. மூன்றாவது தேவையற்ற மருத்துவத்துக்கு இட்டுச்செல்லும். நான்காவது, கண்டறிய வேண்டிய ஆபத்தைக் காணாமல் விடும். ஐந்தாவது, தாழ்வை மிகுதியாகவும் மிகுதியைத் தாழ்வாகவும் காட்டி, நேர்மாறான மருத்துவத்தைச் செய்விக்கும். உண்மை 300ஆக இருக்க 250 எனக் காட்டுதல் 50 அலகுப் பிழையாயினும் முதல் மண்டலத்திலேயே அடங்கும். 60ஐ 75 எனக் காட்டுதல் 15 அலகுப் பிழையே. ஆயினும் அது நான்காம் மண்டலத்தில் விழும்.

பிழை மிகும் இடங்கள்

உணரியின் பிழை எல்லா வேளையிலும் ஒரே சீராக இருப்பதில்லை. அது மிகும் சூழல்களை அறிந்துகொண்டால் பெரும்பாலான குழப்பங்களைத் தவிர்க்கலாம்.

உணரியைப் பொருத்திய முதல் நாளில், இழை நுழைந்த இடத்துத் திசு இன்னும் ஆறாத நிலையில் இருக்கும். அன்று அளவுகள் சற்று அலைபாயும். உறங்கும்போது உணரி உள்ள கையின்மேல் உடற்பளு அழுந்தினால், அவ்விடத்தில் திரவ ஓட்டம் தடைப்பட்டுப் பொய்யான தாழ்நிலை தோன்றும். புரண்டு படுத்தவுடன் எண் இயல்புக்குத் திரும்பும். சில மருந்துகளும் குறுக்கிடும். பழைய உணரிகள் சிலவற்றில் பாராசிட்டமால் பொய்யான உயர்வைக் காட்டியது. வேறு சிலவற்றில் மிகுந்த அளவில் உட்கொள்ளும் வைட்டமின் சி அவ்வாறு செய்கிறது. ஆகவே, தாம் உண்ணும் மருந்துகளை மருத்துவரிடம் கூறி, கருவியின் கையேட்டையும் படித்தறிதல் தேவை.

தாழ்நிலைக்கு மருந்தாகச் சர்க்கரை உண்ட பின்னரும் கருவி ஏமாற்றும். குருதியில் சர்க்கரை உயரத் தொடங்கியிருக்கும். திசுத்திரவமோ இன்னும் பின்தங்கியிருக்கும். திரை தொடர்ந்து தாழ்வையே காட்ட, அஞ்சியவர் மீண்டும் மீண்டும் உண்பார். ஒரு மணிநேரத்தில் சர்க்கரை 250ஐத் தாண்டிவிடும்.

விரல்நுனிச் சோதனையை நாட வேண்டிய வேளைகள்

• உடல் உணர்த்துவதும் திரை காட்டுவதும் முரண்படும்போது
• தாழ்நிலைக்குச் சர்க்கரை உண்டு 15 நிமிடம் கழிந்த பின்னரும் எண் உயராதபோது
• கருவி எண்ணையோ அம்புக்குறியையோ காட்டாதபோது
• உணரியைப் பொருத்திய முதல் நாளில் ஐயம் எழும்போது

மருத்துவத்தில் பயன்பாடு

நாள்தோறும் வந்து குவியும் நூற்றுக்கணக்கான எண்களை மருத்துவர் எவ்வாறு படிப்பார்? இதற்கென 2019ஆம் ஆண்டு பன்னாட்டு வல்லுநர் குழு பொது அளவுகோல்களை வகுத்தது. அவற்றுள் முதன்மையானது 'இலக்கு எல்லைக்குள் இருந்த நேரம்' என்பது. நீரிழிவுடைய பெரும்பாலோர்க்குச் சர்க்கரை 70 முதல் 180 வரையுள்ள எல்லைக்குள் 70 விழுக்காட்டுக்கும் மேலான நேரம் இருத்தல் வேண்டும். அஃதாவது, ஒரு நாளில் ஏறத்தாழ 17 மணிநேரம். 70க்குக் கீழே இருக்கும் நேரம் 4 விழுக்காட்டுக்கும், அதாவது ஏறத்தாழ ஒரு மணிநேரத்துக்கும், குறைவாக இருத்தல் வேண்டும். அதனுள்ளும் 54க்குக் கீழே இருக்கும் நேரம் 1 விழுக்காட்டைத் தாண்டலாகாது. முதியோருக்கு எல்லைக்குள் இருக்கும் நேரத்தின் இலக்கு தளர்த்தப்பட்டுத் தாழ்நிலைக்கான வரம்பு இறுக்கப்பட்டுள்ளது. கருவுற்ற மகளிருக்கு எல்லையே 63 முதல் 140 எனச் சுருக்கப்பட்டுள்ளது. இவற்றை முடிவுசெய்ய 14 நாள் அளவுகள் வேண்டும். அந்நாள்களில் 70 விழுக்காட்டு நேரமேனும் உணரி இயங்கியிருத்தலும் வேண்டும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தனி ஓர் எண்ணில் 10 விழுக்காட்டுப் பிழை இருந்தாலும், 14 நாள் வரைபடத்தில் இரவு 2 மணிக்குச் சர்க்கரை மீண்டும் மீண்டும் தாழ்வது ஐயமின்றித் தெரியும். அதைக் கண்ட மருத்துவர் இரவு இன்சுலினைக் குறைப்பார். காலை உணவுக்குப் பின் நாள்தோறும் எழும் உயர்வு, உணவின் அளவையோ இன்சுலின் செலுத்தும் நேரத்தையோ மாற்றத் தூண்டும்.

ஆய்வுகளும் இப்பயனை உறுதிசெய்துள்ளன. முதல் வகை நீரிழிவை நன்கு கட்டுப்படுத்தியிருந்த பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஐரோப்பிய ஆய்வு ஒன்று, 2016ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. உணரி அணிந்தோர் நாளொன்றுக்குத் தாழ்நிலையில் கழித்த நேரம், ஆறு மாதங்களில் ஏறத்தாழ 3.4 மணியிலிருந்து 2 மணியாகக் குறைந்தது. 2008ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது. 25 வயதைக் கடந்தோர் தெளிவான பயன்பெற்றனர். 15 முதல் 24 வயதினர் பெறவில்லை. கருவியை மிகக் குறைவாக அணிந்தவர்களும் அவ்விளைஞர்களே. வாரத்தில் ஆறு நாளேனும் அணிந்தோர் எவ்வயதினராயினும் பயன்பெற்றனர்.

இன்று உணரியின் எண்ணைக் கொண்டு இன்சுலின் பம்புகள் தாமே மருந்தளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. ஆபத்தான அளவை அடையுமுன்பே ஒலி எழுப்பும் வசதி, நள்ளிரவில் குழந்தையின் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு உறக்கத்தை மீட்டுத் தந்துள்ளது.

எல்லைகள்

இக்கருவியின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உணரியை மாற்றும் செலவைத் தாங்க இயலாதோர், மருத்துவர் அறிவுரைப்படி ஆண்டில் சிலமுறை மட்டும் அணிந்து, அதில் கண்ட போக்கைக் கொண்டு விரல்நுனிச் சோதனையின் நேரங்களை வகுத்துக்கொள்ளலாம். குளுக்கோமீட்டரைக் கொண்டே சிறப்பாக வாழ்வோர் பலர்.

தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் விற்பனைக்கு வருகின்றன. அத்தகைய எதற்கும் தாம் ஒப்புதல் வழங்கவில்லை என்றும், அவற்றை நம்பி மருந்தளவை முடிவுசெய்தல் ஆபத்து என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் எச்சரித்தது.

மீண்டும் தேர்வறைக்கு

இப்போது அம்மாணவியின் திரைக்குத் திரும்புவோம். எண் 68, அம்புக்குறி கீழ்நோக்கி. திசுத்திரவம் பின்தங்கும் என்பதை அறிவோம். எனவே, குருதியின் அளவு அதனினும் தாழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. அறிகுறி இல்லாமை ஆறுதல் ஆகாது. அடிக்கடி தாழ்நிலைக்கு உள்ளானவர்களுக்கு உடல் எச்சரிப்பதே நின்றுவிடுவதுண்டு. கை அழுந்தியதால் எழுந்த பொய்த்தாழ்வாகவும் இருக்கலாம். ஆனால், 15 கிராம் சர்க்கரையை வீணாக உண்பதால் நேரும் தீங்கு சிறிது. உண்ணாமல் விடுவதால் நேரும் தீங்கு பெரிது. ஆதலின் முதலில் குளுக்கோஸ் உண்ண வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரையை மட்டும் நம்பாமல் விரல்நுனியில் சோதிக்க வேண்டும். அளவு 70ஐக் கடந்திருந்தால் எழுதுகோலை மீண்டும் எடுக்கலாம்.

அவருக்கு அருகிலிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. அவர் கையிலுள்ள உணரி விளையாட்டுப் பொருளன்று. அவர் வாயிலிட்டது ஒழுங்குமீறலன்று. சோர்ந்து தடுமாறுபவர்க்கு விழுங்க இயலுமாயின் இனிப்பு நீர் தருக. மயங்கிக் கிடப்பவர்க்கு வாய்வழி எதையும் புகட்டாமல் 108 ஊர்தியை அழைக்க.

கருவி எண்ணைத் தருகிறது. அவ்வெண் எங்கிருந்து வந்தது, எவ்வளவு பிழையைச் சுமந்து வந்தது, பிழைத்தால் என்ன நேரும் என்னும் மூன்றையும் சேர்த்து எண்ணுவோர்க்கே அது மருந்தாகிறது. அளவு கருவியின் வேலை. தெளிவு நம்முடைய வேலை.

கற்பவை கற்றபின்

1. குருதியின் உண்மை அளவுகள் 80, 120, 250, 50. உணரியின் அளவுகள் 88, 114, 225, 65. சராசரி விழுக்காட்டு வேறுபாட்டைக் கணக்கிடுக. இவற்றுள் எந்தப் பிழை மிகுந்த ஆபத்துடையது? காரணம் கூறுக.

2. காண்டல் அளவை, கருதல் அளவை ஆகியவற்றுக்கு அன்றாட வாழ்விலிருந்து மும்மூன்று எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. தாழ்சர்க்கரை நிலைக்கு உள்ளாகும் மாணவருக்குப் பள்ளியில் செய்ய வேண்டிய முதலுதவி குறித்து, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டறிந்து சுவரொட்டி ஒன்று உருவாக்குக.